சுற்றுச்சூழல் சுகாதாரத் துறையில் கல்வியும் தலைமைத்துவமும்: புலமைப்பரிசில்கள், நிதியுதவி, பயிற்சி வழிகள்

ரொறன்ரோ உணவகங்களின் வாயிலில் ஒட்டப்பட்டிருக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு அறிவித்தல்களைக் காணாத தமிழர் இரார். பச்சை, நிலையம் பரிசோதனையில் தேறியது என்பதையும், மஞ்சள், நிபந்தனையுடன் தேறியது என்பதையும், சிவப்பு, மூடப்பட்டது என்பதையும் குறிக்கும். 2001-ஆம் ஆண்டு முதல் ‘டைன்சேஃப்’ என்ற பெயரில் நடைபெற்றுவரும் இத்திட்டத்தின் கீழ் அவ்வறிவித்தலை இடுபவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆவார். இலங்கையில் மக்கள் பி.எச்.ஐ. என்றும், தமிழ்நாட்டில் சுகாதார ஆய்வாளர் என்றும் அறிந்திருக்கும் அதே தொழிலே இது.

உணவகம் இத்தொழிலின் ஒரு பகுதி மட்டுமே. குடிநீர், நீச்சற்குளங்கள், சிறுவர் பராமரிப்பு நிலையங்கள், முதியோருக்கான நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்கள், சிகை அலங்கார நிலையங்கள், விலங்குக்கடி, தொற்றுநோய்ப் பரவல், கோடை வெப்பம் ஆகியன யாவும் இத்துறையின் எல்லைக்குள் வருவன. இவ்வாறு மனிதரின் உடல்நலத்தைச் சூழல் வழியாகக் காக்கும் பணி ‘சுற்றுச்சூழல் சுகாதாரம்’ எனப்படுகிறது. இத்துறையிற் கற்க விரும்பும் மாணவர்களுக்கும், ஏற்கெனவே பணியாற்றி மேல்நிலைப் பொறுப்புகளை நாடுவோர்க்கும், பிள்ளைகளின் உயர்கல்வி குறித்துத் தீர்மானிக்கவுள்ள பெற்றோருக்கும் உரிய வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

பயிற்சி ஏன் இன்றியமையாதது

2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒன்ராறியோவின் வோக்கர்ற்றன் என்னும் சிற்றூரில், கனமழைக்குப்பின் கால்நடைக் கழிவு கலந்த கிணற்று நீர் குழாய்வழி வீடுகளை அடைந்தது. ஈ-கோலை கிருமியால் ஏழு பேர் உயிரிழந்தனர். 2,300-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நீதியரசர் டெனிஸ் ஓ’கொனர் தலைமையிலான விசாரணை ஆணைக்குழு 2002-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. நீர் வழங்கலைக் கவனித்த பணியாளர்கள் பாடநெறியோ பரீட்சையோ இன்றி, அனுபவத்தின் பெயரால் மட்டும் உரிமம் பெற்றிருந்தனர் என்பது அவ்விசாரணையில் வெளிப்பட்டது. குளோரினின் அளவை நாள்தோறும் ஒழுங்காக அளந்து பதிந்திருந்தால், நீர் மாசுற்றமை முன்னதாகவே தெரியவந்திருக்கும்.

அதன் விளைவாக 2002-இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் இயற்றப்பட்டது. 2004-இல் நீர்ப் பணியாளருக்குப் பயிற்சியளிக்கும் வோக்கர்ற்றன் தூயநீர் நிலையமும் அதே ஊரில் அமைக்கப்பட்டது. பயிற்சிக்கெனச் செலவிடப்படும் பணம் யாரைக் காக்கிறது என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ரொறன்ரோவுக்கும் இதில் நீண்ட மரபு உண்டு. 1910 முதல் 1929 வரை நகரின் சுகாதார வைத்திய அதிகாரியாக இருந்த சார்ல்ஸ் ஹேஸ்ரிங்ஸ், குடிநீருக்குக் குளோரின் இடுதல், பாலைக் கிருமிநீக்கம் செய்தல், நெரிசலான குடியிருப்புகளை நேரிற் பரிசோதித்தல் ஆகியவற்றை முன்னின்று நடத்தினார். அக்காலத்தில் அக்குடியிருப்புகளில் வாழ்ந்தோரிற் பெரும்பாலானோர் புதிதாகக் குடிவந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. இன்று தொடர்மாடிக் குடியிருப்புகளில் கரப்பான், மூட்டைப்பூச்சி, கோடை வெப்பம் ஆகியவற்றோடு போராடும் குடும்பங்களின் நிலையை எடுத்துரைக்க, அவர்களின் மொழியும் வாழ்வும் அறிந்த அலுவலர்கள் தேவைப்படுகின்றனர்.

சட்டம் கோரும் தகுதி

ஒன்ராறியோவின் சுகாதாரப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டுச் சட்டம் பரிசோதகருக்குப் பெரும் அதிகாரம் வழங்குகிறது. சுகாதார ஆபத்து நிலவுவதாக நியாயமான காரணங்களுடன் நம்பினால், 13-ஆம் பிரிவின் கீழ் அவர் எழுத்து மூலம் கட்டளை பிறப்பிக்கலாம். கட்டளைக்கு உட்பட்டவர் அது கிடைத்து 15 நாட்களுக்குள் சுகாதார சேவைகள் மேன்முறையீட்டு மற்றும் மீளாய்வுச் சபையிடம் விசாரணை கோரும் உரிமை உடையவர். ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரமான கடையை மூடக்கூடிய அதிகாரம் இது. ஆகவே அதனைக் கையாள்பவரின் கல்வித் தகுதியையும் சட்டமே வரையறுக்கிறது. சுகாதார சபை ஒன்று பரிசோதகராக ஒருவரை நியமிப்பதற்கான தகுதிகளை ஒழுங்குவிதி 566 கூறுகிறது. நடைமுறையில் அதற்கான முதன்மை வழி, 1934-இல் தோற்றுவிக்கப்பட்ட கனடாப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நிறுவனத்தின் சான்றிதழைப் பெறுவதாகும்.

அச்சான்றிதழுக்கு மூன்று படிகள் உள.

முதலாவது, அங்கீகாரம் பெற்ற பட்டப்படிப்பு. ரொறன்ரோவில் வசிப்போர்க்கு அண்மையில் உள்ளது, 2022 வரை ரயர்சன் எனப்பட்ட ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகம். அங்கு நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பும், முன்னரே வேறு பட்டம் பெற்றவர்களுக்கு இரண்டு ஆண்டு விரைவுப் படிப்பும் உள. கிச்சனர்–வாட்டர்லூப் பகுதியிலுள்ள கொனெஸ்ரோகா கல்லூரியும் இத்துறையிற் பட்டம் வழங்குகிறது.

இரண்டாவது, குறைந்தபட்சம் 12 வாரக் களப்பயிற்சி. இது சுகாதார அலகு ஒன்றில், அனுபவமுள்ள பரிசோதகரின் மேற்பார்வையில் நடைபெறும்.

மூன்றாவது, நிறுவனத்தின் சான்றளிப்புக் குழு நடத்தும் பரீட்சை.

களப்பயிற்சி குறித்து மாணவர்கள் முன்கூட்டியே திட்டமிடுதல் அவசியம். சில அலகுகள் பயிற்சிக் காலத்திற்கு ஊதியம் அளிக்கின்றன, சில அளிப்பதில்லை. இடம் ரொறன்ரோவுக்கு வெளியே கிடைக்கவும் கூடும். வாகன அனுமதிப்பத்திரம், தடுப்பூசிப் பதிவு, காவல்துறைப் பதிவுச் சோதனை ஆகியன கேட்கப்படலாம். குடும்ப வருமானத்திற்குப் பகுதிநேர வேலை செய்துவரும் மாணவருக்கு அந்த 12 வாரங்களே மிகக் கடினமான காலம். புலமைப்பரிசிற் பணத்தை முதலாம் ஆண்டிலேயே செலவழித்துவிடாது, அக்காலத்திற்கென ஒரு பகுதியை ஒதுக்கிவைப்பது நன்று.

இலங்கையிலும் இந்தியாவிலும் பணியாற்றியோர்

இலங்கையில் 1926-இல் களுத்துறையில் முதலாவது சுகாதார அலகு நிறுவப்பட்டது. அங்குள்ள தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம் பரிசோதகர்களைப் பயிற்றுவித்து வந்துள்ளது. தமிழ்நாட்டில் திண்டுக்கல் மாவட்டத்துக் காந்திகிராமத்திலுள்ள நிறுவனமும் சுகாதார ஆய்வாளர் பயிற்சியை நடத்தியுள்ளது. இவற்றிற் பயின்று, டெங்கு ஒழிப்பிலும் கிணற்று நீர்ப் பரிசோதனையிலும் பல ஆண்டு அனுபவம் பெற்றவர்கள் கனடாவுக்கு வந்த பின், அவ்வனுபவம் வீணாயிற்று என எண்ணி வேறு தொழிலில் அமர்ந்துவிடுதல் உண்டு.

வெளிநாட்டுச் சான்றிதழ் இங்கு நேரடியாகச் செல்லுபடியாகாது என்பது உண்மை. எனினும், முன்னைய பட்டம் கனடாப் பட்டத்துக்கு இணையென மதிப்பிடப்படுமாயின் இரண்டு ஆண்டு விரைவுப் படிப்புக்கு வழி திறக்கலாம். எந்தப் படிப்பிலும் சேர்வதற்கு முன்னர், சான்றளிப்புக் குழுவிடமும் பல்கலைக்கழக அனுமதிப் பிரிவிடமும் தம் தகுதி எவ்வாறு கணிக்கப்படும் என்பதை எழுத்து மூலம் கேட்டறிதல் வேண்டும். வாய்மொழி உறுதிகளை நம்பிக் கட்டணம் செலுத்துதல் கூடாது.

ஆவணங்களிற் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, தமிழிலோ சிங்களத்திலோ உள்ள ஆவணங்களுக்குச் சான்றுபெற்ற மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு கேட்கப்படும். இரண்டு, மதிப்பீட்டு நிறுவனங்கள் பெறுபேறுகளைப் பல்கலைக்கழகத்திடமிருந்து நேரடியாகப் பெறவே பெரும்பாலும் விரும்பும். அதற்குப் பல மாதங்கள் ஆகலாம். மூன்று, பெயர். ஓர் ஆவணத்தில் தந்தையின் பெயர் தலையெழுத்தாகவும், இன்னொன்றில் குடும்பப் பெயராகவும் இருப்பது நம்மவரிடையே வழமை. இரு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்பதற்குச் சத்தியக் கடதாசி ஒன்றை முன்னரே பெற்றுவைத்தால், விண்ணப்பம் தாமதமாவதைத் தவிர்க்கலாம். போரில் ஆவணங்களை இழந்தவர்கள் அதனைத் தொடக்கத்திலேயே தெரிவித்து, மாற்றுச் சான்றுகள் எவை ஏற்கப்படும் எனக் கேட்டல் நன்று.

தகுதி மதிப்பீட்டுக்கும் மறுபயிற்சிக்கும் பணமின்றித் தடுமாறும் குடிவரவாளருக்கு, வின்ட்மில் மைக்ரோலெண்டிங் என்னும் தொண்டு நிறுவனம் குறைந்த வட்டியிற் கடன் வழங்குகிறது.

நிதியுதவியின் வகைகள்

இலங்கையிற் கற்ற பெற்றோர் பலருக்குப் ‘புலமைப்பரிசில்’ என்றவுடன் ஐந்தாந்தரப் பரீட்சையே நினைவுக்கு வரும். அங்கு ஒரே பரீட்சை, அதற்குரிய வெட்டுப்புள்ளி. கனடாவில் நிலைமை வேறு. இங்கு நிதியுதவி பல சிறு ஊற்றுகளிலிருந்து வருகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். புள்ளிகள் ஒரு பங்கு மட்டுமே வகிக்கும். ‘என் பிள்ளைக்கு 90 இல்லையே’ என்று விண்ணப்பிக்காமல் விடுவது, கிடைக்கக்கூடிய உதவியைக் கைவிடுவதாகும்.

மாகாண அரசின் மாணவர் உதவித் திட்டம்: ‘ஓசாப்’ எனப்படும் இத்திட்டம் மானியமும் கடனும் இணைந்தது. மானியத்தைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. கனடாக் குடியுரிமை உடையோர், நிரந்தர வதிவுரிமை உடையோர், பாதுகாக்கப்பட்ட நபராக ஏற்கப்பட்டோர் ஆகியோர், ஒன்ராறியோ வதிவாளர் என்ற நிபந்தனையையும் நிறைவு செய்தால் விண்ணப்பிக்கலாம். அகதிக் கோரிக்கை இன்னும் தீர்மானிக்கப்படாதவர்களுக்கு இத்தகுதி இல்லை. அண்மையில் உயர்நிலைப் பள்ளியை முடித்த மாணவரின் விண்ணப்பத்திற் பெற்றோர் வருமானமும் கணக்கிடப்படும். அதனால் பெற்றோர் உரிய காலத்தில் வருமான வரி விபரத்தைத் தாக்கல் செய்திருத்தல் அவசியம். கல்விக்காலம் முடிவதற்கு 60 நாட்களுக்கு முன்வரை விண்ணப்பம் ஏற்கப்படுமாயினும், செப்டெம்பர்க் கட்டணத்துக்குப் பணம் வேண்டுமெனின் கோடையின் தொடக்கத்திலேயே விண்ணப்பித்தல் வேண்டும்.

கடன்: படிக்கும் காலத்திற் கடனுக்கு வட்டி ஏறாது, படிப்பு முடிந்து ஆறு மாதங்களின் பின் திருப்பிச் செலுத்தல் தொடங்கும். மத்திய அரசின் பங்குக்கு 2023 ஏப்ரல் 1 முதல் வட்டி நீக்கப்பட்டுள்ளது. மாகாணப் பங்குக்கு வட்டி உண்டு. வருமானம் குறைந்தவர்கள் மீளச்செலுத்தல் உதவித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். இதனை அறியாது தவணை தவறவிட்டுக் கடன் தரவரிசையைக் கெடுத்துக்கொள்ளுதல் தவிர்க்கப்பட வேண்டியது.

பல்கலைக்கழக விருதுகள்: நுழைவுப் புலமைப்பரிசில்கள் புள்ளிகளை அடிப்படையாகக் கொண்டவை. உதவித்தொகைகள் பொருளாதாரத் தேவையை அடிப்படையாகக் கொண்டவை. இவை தவிர, துறைக்கென ஒதுக்கப்பட்ட விருதுகளும் உள. இவற்றுக்கு அத்துறை மாணவர் மட்டுமே போட்டியிடுவதால், விண்ணப்பிப்போர் தொகை சிறிது. பல்கலைக்கழகத்தின் விருதுப் பக்கத்தை ஆண்டுதோறும் பார்வையிடுதல் வேண்டும்.

தொழிற்சங்க விருதுகள்: பரிசோதகர் நிறுவனமும், அதன் ஒன்ராறியோக் கிளையும், கனடாச் சுற்றுச்சூழல் சுகாதார அறக்கட்டளையும் இத்துறை மாணவர்க்கான விருதுகளோடு தொடர்புடையவை. சில விருதுகளுக்கு மாணவர் உறுப்புரிமை முன்நிபந்தனையாக இருக்கலாம். உறுப்பினர் கட்டணமும் விருது விண்ணப்பமும் வெவ்வேறு என்பதை நினைவிற் கொள்க.

பட்டமேற்படிப்பு: ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் டல்லா லானா பொதுச் சுகாதாரப் பள்ளியில் தொழில் மற்றும் சுற்றுச்சூழல் சுகாதாரத்தில் முதுமாணிப் படிப்பு உள்ளது. ஆய்வை மையமாகக் கொண்ட முதுமாணி மாணவர்களுக்கான மத்திய அரசின் புலமைப்பரிசில் ஓராண்டுக்கு 27,000 டொலர் ஆகும்.

சிறு பிள்ளைகளை உடைய குடும்பங்கள் இன்றே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. 2004-ஆம் ஆண்டிலோ அதன் பின்னரோ பிறந்த, குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கான கனடாக் கல்விப் பத்திரம், பதிவுபெற்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் மொத்தமாக 2,000 டொலர் வரை அரசால் இடப்படும் தொகையாகும். பெற்றோர் தம் பணம் எதனையும் இட வேண்டியதில்லை. கணக்கைத் திறந்து விண்ணப்பித்தாற் போதும்.

விண்ணப்பத்தை ஆயத்தம் செய்தல்

விருதுக் குழுக்கள் பெரும்பாலும் மூன்றை நோக்கும்: கல்வி, சமூகப் பணி, இத்துறையில் நாட்டம். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தமிழ் மாணவர்க்குச் சொல்வதற்கு நிறைய உண்டு; அதனைச் சொல்லத் தயங்குவதே குறை. பெற்றோரின் உணவகத்தில் வார இறுதிகளில் உதவும் மாணவியை எடுத்துக்கொள்வோம். குளிரூட்டிய உணவு 4 பாகை செல்சியசுக்கு மேற்படக் கூடாது, சூடாக வைக்கும் உணவு 60 பாகைக்குக் குறையக் கூடாது என்ற விதியை அவர் நாள்தோறும் செயற்படுத்துகிறார். கொத்தும் கறியும் விற்கும் மேசையில் அவ்விதியைக் கடைப்பிடிப்பதில் உள்ள இடர் என்ன, அதனை அவர் எவ்வாறு தீர்த்தார் என்று எழுதினால், அது எந்தப் பொதுவான கட்டுரையையும் விஞ்சும். கோயில் அன்னதானத்தில் உணவைக் கையாண்ட அனுபவமும், வயோதிபர்க்கு அறிவித்தல்களை மொழிபெயர்த்துச் சொன்ன அனுபவமும் அத்தகையனவே.

பரிந்துரைக் கடிதத்துக்கு ஆசிரியரைக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் அணுகுதல் மரியாதை. கடைசி நாளில் இணையத்தளம் இயங்காவிடினும் காலக்கெடு நீட்டப்படுவதில்லை. முன்பணம் செலுத்தினாற் புலமைப்பரிசில் பெற்றுத் தருவதாகக் கூறுவோரிடமும், சமூகக் காப்புறுதி இலக்கத்தைத் தொலைபேசியிற் கேட்போரிடமும் எச்சரிக்கை தேவை. முழுநேர மாணவர் பெறும் புலமைப்பரிசில் பொதுவாக வருமான வரிக்கு உட்படுவதில்லை. ஆயினும் அதற்குரிய படிவங்களைப் பாதுகாத்து வைத்தல் வேண்டும்.

தலைமைத்துவப் பயிற்சி

சான்றிதழ் பெற்றபின் கல்வி முடிவதில்லை. கனடாப் பொதுச் சுகாதார முகவரகம் வெளியிட்ட அடிப்படைத் திறன்கள் 36-உம் ஏழு பிரிவுகளாக வகுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று தலைமைத்துவம். பரிசோதகராகத் தொடங்குபவர் மேற்பார்வையாளராகவும், முகாமையாளராகவும், கொள்கை வகுப்பவராகவும் உயர்வதற்கு இத்திறன் வேண்டும்.

கனடாச் சுகாதாரத் துறையிற் பரவலாக வழங்கும் ‘லீட்ஸ்’ என்னும் பயிற்சிச் சட்டகம் இதனை ஐந்தாகப் பிரிக்கிறது: தன்னை நெறிப்படுத்தல், பிறரை ஈடுபடுத்தல், பயன் விளைவித்தல், கூட்டணி அமைத்தல், அமைப்பை மாற்றியமைத்தல். ஐக்கிய அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டுகளில் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆதரவில் நடைபெற்ற சுற்றுச்சூழல் சுகாதாரத் தலைமைத்துவப் பயிற்சியில், ஒவ்வொருவரும் தம் பணியிடத்தின் உண்மையான சிக்கல் ஒன்றைக் கொண்டுவந்து, வழிகாட்டி ஒருவரின் துணையுடன் ஆராய்ந்தனர். இம்முறையை எவரும் தம் அலுவலகத்திலேயே பின்பற்றலாம்: ஒரு சிக்கல், ஒரு மூத்தவர், ஒரு கால எல்லை.

பெருஞ்செலவின்றிப் பயில்வதற்கும் வழிகள் உள. வன்கூவரில் இயங்கும் சுற்றுச்சூழல் சுகாதாரத்துக்கான தேசியக் கூட்டிணைப்பு நிலையம் இணையவழிக் கருத்தரங்குகளை நடத்துகிறது. ரொறன்ரோவிலுள்ள பொதுச் சுகாதார ஒன்ராறியோவும் துறைசார் விரிவுரைகளை வழங்குகிறது. பரிசோதகர் நிறுவனத்தின் ஆண்டு மாநாட்டிலும் கிளைக் குழுக்களிலும் மாணவர் பங்கேற்கலாம். செப்டெம்பர் 26 உலகச் சுற்றுச்சூழல் சுகாதார நாள்; அதனையொட்டிய நிகழ்வுகளில் தொழிலில் உள்ளவர்களை நேரிற் சந்தித்துப் பேச வாய்ப்புண்டு. பணியில் உள்ளோர், பயிற்சிக் கட்டணத்தை மீளளிக்கும் ஏற்பாடு தம் தொழில் ஒப்பந்தத்தில் உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். இவ்வுரிமையைப் பயன்படுத்தாதோர் பலர்.

தீர்மானம் எடுக்கும் மன்றத்தில் ஓர் இருக்கை

தலைமைத்துவம் தொழில்வல்லுநர்க்கு மட்டும் உரியதன்று. ரொறன்ரோச் சுகாதார சபையில் மாநகர சபை உறுப்பினர்களோடு பொதுமக்களிலிருந்து நியமிக்கப்படும் உறுப்பினர்களும் உள்ளனர். நகரின் பொது நியமனங்களுக்கான அழைப்பு வெளியாகும்போது தகுதியுடைய வதிவாளர் எவரும் விண்ணப்பிக்கலாம். சபைக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. முன்பதிவு செய்து ஒரு விடயம் குறித்து நேரில் எடுத்துரைக்கவும் முடியும். தொடர்மாடிக் கட்டடத்தின் வெப்பநிலை குறித்து ஐந்து நிமிடம் பேசும் தாயொருவரும், அதே மன்றத்தில் அறிக்கை சமர்ப்பிக்கும் பரிசோதகரும் ஒரே பணியைச் செய்பவர்களே.

அடுத்து செய்ய வேண்டியவை

உயர்நிலைப் பள்ளி மாணவர், 11-ஆம் வகுப்பிலேயே வழிகாட்டல் ஆசிரியரிடம் தேவையான விஞ்ஞான, கணித பாடங்களைக் கேட்டறிதல் வேண்டும். ஏற்கெனவே பட்டம் பெற்றவர், தம் பெறுபேறுகளைத் தருவிக்கும் பணியை முதலில் தொடங்குதல் வேண்டும். விதிகளும் தொகைகளும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்குமுன் உரிய நிறுவனத்திடம் உறுதிசெய்தல் அவசியம். மாநகர சேவைகள் குறித்து அறிய 311 என்னும் இலக்கத்தை அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேட்கலாம்.